வேலுக்குப் போர்த்திய கம்பளி

தை பிறந்துவிட்டால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்டுகளுக்குக் கால் தரையில் பாவாது. நமுனுகுல மலையேறும் ஞாயிற்றுக்கிழமை நெருங்கிவிடும். "பாக்கியம் அக்கா, இந்த வருசம் வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த மலையில் எனக்கு என்ன நடந்தது, அதற்குப் பிறகு பதுளை ஆஸ்பத்திரியில் நான் எப்படிக் கிடந்தேன் என்பதை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிட்டால் வம்பில்லை. மலையேறப் போகிற நாலு பேருக்கு உதவினால் எனக்குச் சந்தோசம். "ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமா புள்ள?" என்று எங்க வீட்டுக்காரர் கேட்டார். அடிக்கத்தான் வேண்டும்.

நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். நடுவில் பால் கொடுக்க ஓடி வருவார்கள், மாலையில் தூக்கிக்கொண்டு போவார்கள். மற்ற நேரமெல்லாம் அதுகள் என் பிள்ளைகள். எனக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை. அதற்காக யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். ஒரு தொட்டிலை ஆட்டிவிட்டு அடுத்த தொட்டிலுக்கு ஓடுகிறவளுக்கு அதையெல்லாம் நினைக்க நேரம் ஏது?

அந்தத் தையில் பிள்ளைக்காம்பரா முழுக்க மூக்கொழுகல். எனக்கும் சளி பிடித்தது. பகலில் இருமல், சாயங்காலமானால் உடம்பு கதகதவென்றிருக்கும், வலது விலாவில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு வலி. கொத்தமல்லியும் சுக்கும் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். மலைக்குப் போகாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அது அப்படி முடியாது. மலையுச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறையடியில் எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் நட்ட வேல் இருக்கிறது. வருசத்துக்கு ஒரு வீடு பால் செம்பு எடுக்க வேண்டும். அந்த வருசம் எங்கள் வீட்டு முறை. வீட்டில் இருக்கிற பெண் நான் ஒருத்திதான்.

அந்த மலைக்கு எங்கள் ஆட்கள் வைத்திருந்த சட்டம் இதுதான். அடிவாரத்து ஓடையில் முழுக்குப் போட வேண்டும். ஈரச் சேலையோடேயே ஏற வேண்டும். பூசை முடியும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வழியில் 'முடியல' என்ற சொல் வாயில் வரவே கூடாது. இளைத்தாலும் வலித்தாலும் 'அரோகரா' என்றுதான் சொல்ல வேண்டும். யாராவது பின்தங்கினால் மற்றவர்கள் இன்னும் சத்தமாக அரோகரா போட்டு, முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட மலை அது. சுகமாக இருக்கும்போது இந்தச் சட்டத்தோடு நானே எத்தனையோ தரம் ஏறியிருக்கிறேன்.

அன்றைக்கு ஓடையில் முங்கி எழுந்தபோதே பல் கிட்டியது. தேயிலை மலை தாண்டும் வரை சமாளித்தேன். காட்டுக்குள் ஏறியதும் மழைத்தூறல் பிடித்துக்கொண்டது. அட்டை ஒரு பக்கம், வழுக்கல் ஒரு பக்கம். எங்க வீட்டுக்காரர் மாணிக்கம் உடுக்கு அடிக்கிறவர் என்பதால் முன்னாலே போய்விட்டார். காடு முடிந்து மானாப்புல் சரிவுக்கு வந்தோம். அங்கே மறைப்புக்கு மரமில்லை. காற்று ஈரச் சேலையோடு என்னைச் சுருட்டி அடித்தது. மூச்சை இழுக்கிறேன், பாதிக்கு மேல் உள்ளே போக மாட்டேன் என்கிறது. நாலு எட்டு வைப்பேன், நிற்பேன்.

"என்னக்கா?" என்று கேட்டாள் பக்கத்தில் வந்த சரோஜா. அவளுடைய பாப்பாவைப் பிள்ளைக்காம்பராவில் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஆறு மாதம் கூட நிறையாத பிள்ளை. அன்றைக்கு அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அரோகரா" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

"அரோகரா!" என்று எல்லாரும் எடுத்துக்கொடுத்து என்னைத் தள்ளினார்கள். அடப்பாவிகளா, தள்ளாதீர்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சாமி குற்றம் ஆகிவிடுமே என்று விழுங்கினேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பாறையடிக்குப் போய்ச் சேர்ந்தபோது உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல் கடகடவென்று அடிக்கிறது, கை நிற்க மாட்டேன் என்கிறது, செம்புப் பால் சிந்துகிறது, கண் செருகுகிறது. பூசாரி மாமா என்னைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில், "பாக்கியத்துக்குச் சாமி வந்திருச்சுடோய்!" என்று கத்தினார்.

அவ்வளவுதான். உடுக்கு எகிறியது. குலவை கிளம்பியது. சாமி வந்தவளைக் குளிரவைக்க வேண்டும் அல்லவா, குடத்திலிருந்த மஞ்சள் தண்ணீரை என் தலையில் அப்படியே கவிழ்த்தார்கள். அந்தக் குளிரில்! எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நடுக்கம் இன்னும் கூடியது. நடுக்கம் கூடக் கூட அவர்களுக்குப் பக்தி கூடியது. ஒருத்தி என் காலில் விழுந்து, "சாமி, என் மகளுக்கு எப்பக் கல்யாணம் ஆகும்?" என்று கேட்கிறாள். நான் எங்கே அதைக் கண்டேன்!

"கம்பளி... கம்பளி குடுங்க" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"கேட்டீங்களா? சாமி கம்பளி கேக்குது! பனியில நிக்குதுல்ல, அதான் கேக்குது!" என்றார் பூசாரி மாமா.

உடனே ஒருவர் தான் மழைக்குப் போட்டு வந்த கம்பளியை எடுத்தார். பயபக்தியோடு நடந்தார். வேலுக்குப் போர்த்திவிட்டுக் கும்பிட்டார். எல்லாரும் அரோகரா போட்டார்கள். நான் அந்தக் கம்பளியைப் பார்த்துக்கொண்டு தரையில் கிடந்து நடுங்கினேன். சிரிக்கிறவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் இப்போது சிரிக்கத்தான் செய்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது எங்க வீட்டுக்காரர். அவரும் சாமியென்றே நம்பி, உடுக்கைக் கீழே வைத்துவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தார். கால் பச்சைத் தண்ணீராகச் சில்லிட்டிருந்தது. பயந்துபோய் நெற்றியைத் தொட்டார். அது கொதித்தது. உதட்டைப் பார்த்தார், நீலம் பாய்ந்திருந்தது.

"இது சாமி இல்ல, காய்ச்ச!" என்றவர் எழுந்து போய் வேலிலிருந்து அந்தக் கம்பளியை உருவினார்.

"டேய் மாணிக்கம், சாமி சொத்துடா!" என்று பூசாரி மாமா பதறினார்.

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீங்க தள்ளுங்க" என்று என்னைச் சுற்றிப் போர்த்தினார். கல்யாணமான நாளிலிருந்து பூசாரி மாமாவை அவர் எதிர்த்துப் பேசிக் கேட்டதில்லை. சரோஜா தன் மூட்டையிலிருந்த உலர்ந்த சேலையை எடுத்து, பெண்டுகளை வளையமாக நிற்கவைத்து, என் ஈரத் துணியை மாற்றினாள். பிறகு ஆண்பிள்ளைகள் மாற்றி மாற்றி என்னை முதுகில் தூக்கி இறக்கினார்கள். பூசாரி மாமாவும் ஒரு முறை தூக்கினார், அதையும் சொல்ல வேண்டும்.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தார். இங்கே வைத்து வைத்தியம் பார்க்கிற வியாதி இல்லை என்று அப்போதே லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார். பதுளைக்குப் போகிற வளைவு ஒவ்வொன்றிலும் விலா வலியில் நான் போட்ட சத்தத்துக்குச் சாமியே இறங்கி ஓடியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாள் எனக்குச் சரியாக நினைவில்லை. மூக்கில் ஒரு குழாய், பெரிய இரும்பு சிலிண்டரிலிருந்து காற்று. இடுப்பில் மாற்றி மாற்றிப் பென்சிலின் ஊசி. கண் தெளிந்தபோது யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் கட்டிலருகே நின்று எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இளவயது, தூக்கம் கெட்ட முகம். படத்தில் காற்றுள்ள நுரையீரல் கறுப்பாகத் தெரியுமாம். என் இடது பக்கம் கறுப்பாக இருந்தது. வலது பக்கத்தில் கீழ்ப்பாதி வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"உங்களுக்கு நியூமோனியா. நுரையீரலுக்குள்ள சளி கட்டிப்போச்சு. அதுக்கு வெளியில இருக்கிற உறைக்குள்ள தண்ணியும் சேர்ந்திருக்கு" என்றார். "எத்தனை நாளாச் சளி? மலைக்கு ஏன் போனனீங்கள்?"

எங்க வீட்டுக்காரர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார், மஞ்சள் தண்ணீர் உட்பட. டொக்டர் படத்தைக் கீழே இறக்கி உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தை அடக்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"மேல போகப் போகக் காத்து ஐதா, மெல்லிசாப் போகும், அம்மா. சுகமா இருக்கிற ஆளுக்கு அந்த உயரத்தில பெரிசாத் தெரியாது. நீங்கள் அரைவாசி நெஞ்சோட ஏறியிருக்கிறியள். அதோட ஈரத்துணி, காத்து, வெறும் வயிறு. உடம்பில சூடு எங்கயிருந்து வரும்? நடுங்கினது சூட்டை உண்டாக்க உடம்பு பட்ட பாடு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நடுக்கமும் நிண்டிருக்கும், அதுக்குப் பிறகு ஆளும் இல்லை."

இதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. போகும்போது, "இந்தத் தண்ணியை எடுத்துச் சோதிக்க வேணும். சளியும் சோதிக்க வேணும். காசமோ எண்டு பாக்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காசம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நியூமோனியா, மலை எல்லாம் மறந்துபோயிற்று. எங்கள் பக்கத்தில் காசம் என்றால் தட்டும் தனி, கோப்பையும் தனி. நோயை நான் தாங்கிக்கொள்வேன். காசக்காரியிடம் எந்தத் தாய் கைக்குழந்தையைக் கொடுப்பாள்? கொடுக்கத்தான் கூடுமா? நோய் தீர்ந்து வந்தாலும் பிள்ளைக்காம்பராப் படியை நான் மிதிக்க முடியாது. அன்றைக்குப் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டு அழுதேன்.

பக்கத்துக் கட்டிலில் குசுமா அக்கா என்று ஹாலிஎலப் பக்கத்துச் சிங்களப் பெண். இழுப்பு நோய்க்காரி. அவளுக்கே மூச்சு விட முடியாது, அதற்குள் பேச்சு. "நங்கி, அழ வேணா. அழுதா சளி கூடும்" என்று தங்கை முறை வைத்துச் சொல்லி, என் போர்வையை இழுத்துவிட்டாள். அவள் வீட்டிலிருந்து பலாக்கொட்டைக் கறி வரும், எனக்கு எங்க வீட்டுக்காரர் ரொட்டியும் சம்பலும் கொண்டுவருவார். இரண்டு பேரும் மாற்றிக்கொள்வோம். பார்வையாளர் நேரம் முடிந்தால் நர்ஸ் மிஸ்ஸி வந்து விரட்டுவார். எங்க வீட்டுக்காரர் கட்டிலுக்கு மறுபக்கம் போய் நின்றுகொண்டு, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். ஆறடி மனிதர்! மிஸ்ஸியும் கொஞ்ச நேரம் பார்க்காத மாதிரி இருந்துவிட்டுத்தான் அதட்டுவார்.

அவருக்கு நோயாளிக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று தெரியாது. ஒரு நாள் முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு நாள் உடுக்குக்குப் போடுகிற பட்டுத்துணி. "இத எதுக்குங்க கொண்டாந்தீங்க?" என்று கேட்டால், "வெறுங்கையோட வர ஒரு மாதிரியா இருந்துச்சு" என்பார்.

தண்ணீர் எடுப்பதைப் பற்றிப் பயந்து சாகாதீர்கள். கட்டிலில் உட்காரவைத்து, முன்னால் தலையணையைக் கட்டிப் பிடிக்கச் சொன்னார்கள். முதுகில் மரத்துப்போக ஒரு ஊசி. பிறகு விலா எலும்புகளுக்கு நடுவே பெரிய ஊசி. வலியை விட, உள்ளே யாரோ தள்ளுகிற மாதிரி ஒரு அழுத்தம்தான். இருமக்கூடாது என்றார்கள், அப்போது பார்த்துத்தான் தொண்டை அரிக்கும். வெளியே வந்தது வெளிறிய பிளேன் டீ நிறத்தில் இருந்தது. அதை எடுத்த கையோடு மூச்சு அடிவயிறு வரைக்கும் இறங்கியது. காற்று இத்தனை ருசியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சளியை விடியற்காலையில் வெறும் வயிற்றோடு இருமி, சிறு குப்பியில் கொடுக்க வேண்டும். ஒரு காலை போதாது, அடுத்தடுத்த காலையும் கேட்பார்கள். முன்கையில் தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசி போட்டு, அந்த இடம் தடிக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் அந்தக் கையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குசுமா அக்காவும் தன் கட்டிலிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

முடிவு வருவதற்கு முன்னால் சரோஜா வந்தாள். வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை. முந்தானை மூக்கில் இருந்தது.

"வாயேன் புள்ள" என்றேன்.

"இல்லக்கா, இங்கனயே நிக்கிறேன்." கண் கலங்கியிருந்தது. "லயத்துல என்னென்னமோ சொல்றாங்க. பாப்பா ரெண்டு நாளா இருமுதுக்கா. வெளியில அம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். எனக்குப் பயமா இருக்கு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சில் தூக்கிப் போட்டுத் தட்டித் தட்டித் தூங்கவைத்த பிள்ளை. என் மூச்சு அதன் முகத்தில்தானே பட்டிருக்கும்? என் நோய் அந்தப் பிஞ்சுக்குப் போயிருந்தால் நான் பிழைத்து எழுந்து என்ன செய்ய?

"இங்கேயே டொக்டர்கிட்ட காட்டிட்டுப் போ, இன்னைக்கே காட்டு" என்று கத்தினேன். இருமல் வந்துவிட்டது. சரோஜா பின்னால் நகர்ந்தாள். அந்த ஒரு எட்டு நகர்வு, விலாவில் ஏறிய ஊசியை விட வலித்தது.

பாப்பாவைப் பார்த்தார்கள். சாதாரணச் சளி, நெஞ்சு சுத்தம் என்றார்களாம். அதை எனக்குச் சொல்ல அவள் மறுபடி வார்டுக்கு வரவில்லை. எங்க வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். பிள்ளைக்காம்பராவில் எனக்குப் பதிலாக வேறொருத்தியைப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு காலையில் டொக்டர் வந்தார். எக்ஸ்ரே மறுபடி எடுத்திருந்தார்கள். வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பு இறங்கியிருந்தது.

"காசம் இல்லை" என்றார். "சளியிலயும் இல்லை, தண்ணியிலயும் இல்லை. கையும் தடிக்கேல்லை. இது பென்சிலினுக்கே கேட்டுட்டுது. பயப்பிடாதேங்கோ."

"பிள்ளைகளைத் தூக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"முதல் நீங்கள் நல்லாச் சாப்பிட்டுத் தேறுங்கோ. பிறகு தாராளமாத் தூக்கலாம்."

குசுமா அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கை தட்டினாள். தட்டியதில் இழுப்பு வந்து, மிஸ்ஸி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். அத்தனை சந்தோசமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று எங்க வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப இனிமே மலைக்கே போகக் கூடாதுங்களா?" என்று கேட்டார்.

"ஆர் சொன்னது? போங்கோ. முழுகுங்கோ. முழுகினாப் பிறகு உலர்ந்த உடுப்பு மாத்திக்கொண்டு ஏறுங்கோ. தண்ணி குடிச்சுக் குடிச்சுப் போங்கோ. சளி காய்ச்சல் உள்ள ஆள் வீட்டில நிக்க வேணும். ஏலாத ஆளைத் தள்ளிக்கொண்டு போகாமத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சாமி அடுத்த வருசமும் அங்கதானே நிக்கும்?"

அதையே நான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். மெதுவாக ஏறுங்கள், பேச முடிகிற அளவு மூச்சு இருக்கட்டும். கம்பளியும் மாற்றுத் துணியும் நனையாமல் கட்டி எடுத்துப் போங்கள். இடுப்பில் கொஞ்சம் கடலையும் கருப்பட்டியும் இருக்கட்டும். ஒருத்தி நடுங்கினால் முதலில் காற்றுப் படாத மறைவுக்குக் கொண்டுபோங்கள். ஈரத்தை மாற்றிப் போர்த்தி, சூடாக இனிப்புத் தேத்தண்ணீர் கொடுங்கள். அது சாமிதானென்றால் தேத்தண்ணீருக்குக் கோபித்துக்கொள்ளாது. எங்கள் ஆட்கள் இப்போது பாதி வழியில் அடுப்பு மூட்டித் தேத்தண்ணீர் போடுகிறார்கள். பூசாரி மாமாதான் முதல் கோப்பை குடிக்கிறார். 'முடியல' என்று சொல்லலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இனி என் கதையின் மிச்சம். வீட்டுக்கு வந்து சில வாரம் படுத்தும் உட்கார்ந்தும் கிடந்தேன். டொக்டர் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துத் துரை என் வேலையைத் திருப்பிக் கொடுத்தார். வேலை கிடைத்தால் போதுமா? லயத்தில் இன்னும் நாலு பேர் நான் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். துரை தொட்டிலைக் கொடுக்கலாம், பிள்ளையைத் தாய்தானே கொடுக்க வேண்டும்?

முதல் நாள் காலையில் பிள்ளைக்காம்பராவைக் கழுவி, தொட்டில் துணியெல்லாம் மாற்றிக் கட்டிவிட்டு வாசலில் நின்றேன். பனி. ஒருவரையும் காணோம். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது, ஒரு தாயும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தபோது படியில் காலடிச் சத்தம். சரோஜா. இடுப்பில் பாப்பா. முந்தானை தோளில்தான் இருந்தது.

அத்தனை நாள் ஏங்கியவள் நான், கையை நீட்டவில்லை. பின்னால் ஒரு எட்டு வைத்தேன். "சரோஜா, டொக்டர் நல்லாயிருச்சுன்னுதான் சொன்னாரு. இருந்தாலும் உனக்கு மனசு இல்லேன்னா..."

"ஐயோ, என்னக்கா நீங்க! அங்க பேரு கூப்பிடுறாங்க, பிந்தினா அரை நாள் சம்பளம் போச்சு. மனசாம் மனசு! புடிங்கக்கா!" என்று பிள்ளையை என் நெஞ்சில் திணித்துவிட்டு, கூடை முதுகில் குதிக்க ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாப்பா என் முகத்தைப் பார்த்தது. அதற்கு என்னை அடையாளம் தெரியவில்லை. உதட்டைப் பிதுக்கி, வீறிட்டு அழ ஆரம்பித்தது. நானும் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். நாங்கள் இரண்டு பேரும் அழுது ஓய்வதற்குள், வாசலில் இன்னும் நாலு தாய்மார் பிள்ளைகளை நீட்டிக்கொண்டு, "சீக்கிரம் வாங்கக்கா, நேரமாச்சு!" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.